நிலைக்கு அடியில் கப்பல் காசு

24-1-44 திங்கள்

பனி. எட்டரை வரைக்கும் எதிர் மண்டியின் போர்டு தெரியவில்லை. தெரியாமலிருப்பதே நல்லது.

இந்த வருஷம் டைரி கிடைக்கவில்லை. யுத்தமாம், காகிதம் இல்லையாம். கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் எங்கிருந்தோ காகிதம் வருகிறது. போன வருஷத்து டைரியில் மிச்சமிருந்த பக்கங்களில் தேதியைத் திருத்தி எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது:
— மண்டி முகப்புக்கு வெள்ளை. பொங்கலுக்கே அடித்திருக்க வேண்டியது. சுண்ணாம்பு இப்போதுதான் வந்து சேர்ந்தது.
— கிழிந்த சாக்கு தைக்க ஆள்.
— வி.புரம் வக்கீல் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம். (இப்படி எழுதி வைத்தால்தான் போடாமல் இருப்பேன்.)

போன மாதம் அந்த வக்கீல் வீட்டுக்குப் போனது இன்னும் எரிகிறது. அவரிடம் ஒரு கப்பல் காசு. ஈயம். ஒரு பக்கம் காளை, மறு பக்கம் பாய்மரக் கப்பல். ஆயிரம் வருஷத்துக்கு மேல் என்கிறார். இரண்டு பாய்மரம் இருக்க வேண்டியது, காசு பாதி உடைந்து ஒன்றுதான் மிச்சம். கையில் வாங்கிப் பார்க்கலாமா என்றேன். "அள்ளிப் பார்க்க இது என்ன மல்லாட்டையா, மண்டிக்காரரே?" நான் வேர்க்கடலை வியாபாரி என்பதற்கு ஒரு குத்து. பட்டுத் துணியில் மூடி உள்ளே கொண்டுபோய்விட்டார்.

பன்னிரண்டு வருஷமாகச் சேர்க்கிறேன். முந்நூற்றுச் சொச்சம் காசு. ஒன்றுகூட எனக்கு எந்தப் பாட்டனும் வைத்துவிட்டுப் போனதில்லை. கோணியைத் தோளில் போட்டுச் சந்தை சந்தையாக விற்றவன் நான். முழுக் கப்பல் காசு ஒன்று, இரண்டு பாய்மரத்தோடு, என் பெட்டியில் விழ வேண்டும். அப்புறம் அந்த வக்கீல் என் வீட்டுக்கு வரட்டும். தாராளமாகக் கையில் கொடுப்பேன்.

25-1 செவ்வாய்

வெள்ளை அடித்தாயிற்று. கண்ணைப் பறிக்கிறது.

முனுசாமி வந்தான். வானூர்ப் பக்கத்து வண்டிகளுக்கெல்லாம் அவன் சொன்னதுதான் சட்டம். அவன் இந்த வாசலில் நிறுத்தினால் பத்து வண்டியும் இங்கே நிற்கும். டீயை ஊதிக்கொண்டே சொல்கிறான்: "மொதலாளி, உங்களுக்குப் பழங்காசுன்னா உசுராச்சே. எங்க தங்கச்சி புருஷன் ஏழுமலை இல்ல, ஏர் ஓட்டறப்போ ஒரு காசு கெடச்சிது. மாடு போட்டிருக்குது. அந்தாண்ட பக்கம் இன்னாமோ படகு."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். எப்போ கிடைத்தது?

"மார்கழியில."

மார்கழியில் கிடைத்ததைத் தையில் சொல்கிறான்! வாரம் இரண்டு தடவை என் டீயைக் குடிக்கிற வாய்.

26-1 புதன்

காலை கரி கேஸ் பஸ். பெட்ரோல் இல்லாததால் கரியை எரித்து ஓட்டுகிறார்கள். ஏற்றத்தில் இறக்கிவிட்டு எல்லோரையும் தள்ளச் சொன்னான். டிக்கெட்டும் வாங்கி, தள்ளவும் செய்தேன். பிறகு வெயிலில் மூன்று மைல் நடை.

ஏழுமலை வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். மண் சுவர் மார் உயரத்துக்கு. நடுவில் வேப்ப மரத்து வாசல் நிலை மட்டும் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கிறது. மாவிலை இன்னும் சருகாகவில்லை.

"எங்கப்பா காசு?"

"செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க மொதலாளி. உங்க காலுக்குக் கீழதான் இருக்குது."

நிலை வைக்கும்போது நவதானியத்தோடு, பாலோடு, குழியில் போட்டுவிட்டானாம். பத்து நாளைக்கு முன்னால். மேலே வாசற்படிக் கட்டை, கட்டையின் மேல் நிலை, இரண்டு பக்கமும் சுவர் ஏறியாயிற்று.

குச்சியைக் கொடுத்து வரையச் சொன்னேன். தரையில் கீறினான். கிண்ணம் மாதிரி ஒன்று, மேலே இரண்டு கம்பம், கயிறு, பக்கத்தில் துடுப்பு மாதிரி ஒரு கோடு. அதேதான். முழுசு. உடையாதது.

"புது மாடு பூட்டி மொத ஏரு. ரெண்டாவது சுத்துல கெளம்பிச்சு. மாடும் புதுசு, காசுலயும் மாடு. அது எங்கூட்டுக்குன்னு வந்ததுங்க. வேற எங்க வெக்கறது?"

பெட்டியில் வை! என்னிடம் கொடு! ஈயம் அது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன் இரண்டு தட்டுக்குக்கூடக் காணாது என்பான். ஊர் உலகத்தில் எவன் எவனோ தேடுகிற பொருளை நெல், உளுந்து, கொள்ளோடு குழியில் போட்டு மூடியிருக்கிறான்.

பேசிப் பார்த்தேன். சவரன் தருகிறேன், அதைப் போட்டுக்கொள் என்றேன். தேக்கு நிலையே வாங்கித் தருகிறேன் என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

"நெலைய மாத்தலாங்க. வெச்சத எடுக்கக் கூடாதுங்க."

அவன் பெண்சாதி அஞ்சலை சுவருக்கு மண் அப்பிக்கொண்டே இருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகும்போது மோர் கொடுத்தாள். உப்பு அதிகம்.

28-1 வெள்ளி

சரக்கு விஷயமாக வி.புரம். பாசஞ்சரில் நிற்கவும் இடமில்லை. பட்டாளத்துக்காரர்கள்.

புத்தி கெட்டுப்போய் வக்கீல் வீட்டுக்குப் போனேன். முழுக் கப்பல் காசு ஒன்று எனக்கு வரப்போகிறது என்று சொல்லியும் தொலைத்தேன். எந்த ஊர் என்றார். வானூர்ப் பக்கம் என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை. காப்பி வரவழைத்தார். முதல் தடவையாக நாற்காலி போடச் சொன்னார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

31-1 திங்கள்

உறைத்தது.

நேற்று ஞாயிறு, வக்கீல் டாக்சி வைத்துக்கொண்டு, வானூரில் விசாரித்து, ஏழுமலை வீட்டுக்கே போயிருக்கிறார். பெட்ரோல் ரேஷனில் ஒரு வக்கீலுக்கு டாக்சி! நான் சொன்னதற்கு இரண்டு மடங்கு தருகிறேன் என்றாராம். முனுசாமி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

"பூட்சக் கழட்டுங்கன்னா அந்தாளு மாட்டேன்னுக்கினு நிக்கறாரு. அஞ்சலை மண் கூடையத் தூக்கிக்கினு நேரா வந்துச்சு பாருங்க, ஓடிப்போய் காருல ஏறிக்கினாரு."

அவருக்கும் கிடைக்கவில்லை என்பது ஒரு திருப்தி. ஆனால் விட மாட்டார். தாசில்தாரைப் பிடிப்பார், மணியக்காரரைப் பிடிப்பார். நான் ஜல்தியாக முடிக்க வேண்டும்.

1-2 செவ்வாய்

மறுபடி பஸ். மறுபடி தள்ளினேன்.

இந்தத் தடவை அஞ்சலைதான் பேசினாள். கையிலிருந்த மண்ணை வழித்துப் போட்டுவிட்டு, நேராக.

"ஏங்க, உங்க மண்டிக்கும் நெல வெச்சிருப்பீங்கல்ல?"

"வெச்சேன்."

"அடியில இன்னா போட்டீங்க?"

"ஒரு வெள்ளி ரூபா."

"அத்தப் பேத்து எடுத்தாந்து குடுங்க. எங்களுத நாங்க பேத்துத் தர்றோம். வாசலுக்கு வாசலு. துட்டு வேணாங்க."

ஏழுமலை அவளையே பார்த்தான். நானும்.

திரும்பி வரும் வழியெல்லாம் கொதிப்பு. என்ன திமிர்! பன்னிரண்டு வருஷத்து மண்டியும் இவளுடைய மண் சுவரும் ஒன்றா? முகப்பை இடித்து, கதவைக் கழற்றி, சீசன் நடுவில் வியாபாரத்தை நிறுத்த வேண்டுமாம்.

2-2 புதன்

நிதானமாக யோசித்தேன். வியாபாரமாகப் பார்த்தால் இதைவிட மலிவான பேரம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. அடியில் கிடப்பது விக்டோரியா ரூபாய். சர்க்காரே செல்லாது என்று சொல்லியாயிற்று. என் பெட்டியில் அதே மாதிரி ஒன்பது கிடக்கிறது. கொத்தனுக்கு இரண்டு நாள் வேலை. அதற்குப் பதில் கப்பல் காசு.

கடை திறக்குமுன் போய் நிலைக்கு முன்னால் நின்றேன். வாசற்படிக் கட்டை நடுவில் தேய்ந்திருக்கிறது. மூட்டைக்காரர்கள் கால்.

இது வைத்தபோது கொத்தனுக்குக் கூலி பாக்கி. அடியில் போடக் காலணா இல்லை. என் பெண்சாதி சிவகாமி இடுப்பு முடிச்சை அவிழ்த்து, பிறந்த வீட்டில் கொடுத்தனுப்பிய ஒரே ரூபாயை எடுத்தாள். என்னிடம் கொடுக்கவில்லை. தானே குனிந்து வைத்தாள்.

சகுனம் கிகுனம் பார்க்கிறவன் இல்லை நான். ராகு காலத்தில் சரக்கு பிடித்திருக்கிறேன். அந்த வருஷந்தான் நல்ல லாபம். ஆனாலும் கொத்தனைக் கூப்பிட வாய் வரவில்லை.

என் மேலேயே கோபம். ஏழுமலையை என்னென்ன பேசினேன்.

3-2 வியாழன்

பெட்டியிலுள்ள ஒன்பதில் தேய்ந்ததாக ஒன்று எடுத்தேன். நிலைக்கு அடியிலிருந்து பேர்த்தது என்று சொன்னால் எவன் வந்து பார்க்கப் போகிறான்?

மண்டிக்குப் பின்னால், வீட்டுக் கொல்லையில் சட்டியில் சுண்ணாம்பும் செம்மண்ணும் குழைத்துக் காசைப் புதைத்தேன். சிவகாமி வந்து நின்றாள்.

"என்னங்க, வெத்தலைக்கா இவ்ளோ சுண்ணாம்பு?"

"எலி வளைக்கு."

"எலி வளைக்கு ரூபா எதுக்கு?"

பெண்களுக்கு எது கண்ணில் படக்கூடாதோ அதுதான் படும்.

5-2 சனி

எழுத்துக் கோணுகிறது. எழுதிவிட்டால்தான் மனசு அடங்கும்.

காசை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போனேன். நல்ல கறுப்பு ஏறி, ஓரத்தில் சுண்ணாம்புக் காரை ஒட்டி, நானே ஏமாந்துபோகிற மாதிரி வந்திருந்தது. அஞ்சலையிடம் நீட்டினேன். "இந்தாம்மா. பேத்து எடுத்தாச்சு. இப்போ உன் பேச்சைக் காப்பாத்து."

சந்தேகப்படுவாள், கேள்வி கேட்பாள், கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணச் சொல்வாள் என்றெல்லாம் யோசித்து எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவள் நம்பிவிட்டாள். ஒரே நொடியில்.

"அய்யய்யோ! நெசமாவே பேத்துட்டீங்களா?"

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். காசைத் தொடவே இல்லை.

"உங்கூட்டம்மா இன்னா சொன்னாங்க? தடுக்கலியா? யோவ், இங்க வாய்யா, மொதலாளி நெலையப் பேத்துட்டாராம்!"

ஏழுமலை ஓடி வந்தான். துணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். செத்த வீட்டுக்காரனைப் பார்க்கிற மாதிரி.

"இன்னா மொதலாளி இது. அது ஏதோ கழுதை, நீங்க வுடாம வந்து தொந்தரவு பண்றீங்களேன்னு சொல்லிச்சு. எவனும் பேக்க மாட்டான்னுதான சொன்னது."

"பேச்சுன்னா பேச்சு" என்றேன்.

அஞ்சலை அழ ஆரம்பித்துவிட்டாள். "உங்க வாசல் காச நான் எப்படிங்க வாங்கறது? எம் புள்ளைங்களுக்கு ஆவுமா? எடுத்துக்கினு போங்க. இன்னிக்கே திரும்ப வெச்சிடுங்க. சாமி, போங்க."

கும்பிட்டுத் துரத்தினாள். பேரத்தில் என்னை யாரும் இப்படி அடித்ததில்லை. கொடுக்க மனமில்லாவிட்டால் முதலிலேயே முடியாது என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! நிபந்தனை என்ன வேண்டியிருக்கிறது?

பஸ்ஸில் தள்ளச் சொன்னபோது இறங்கவில்லை. கண்டக்டர் முறைத்தான். முறைக்கட்டும்.

7-2 திங்கள்

வானூர்ப் பக்கத்து வண்டி ஒன்றுகூட இல்லை.

8-2 செவ்வாய்

இல்லை. எதிர் மண்டி வாசலில் ஏழு வண்டி. முனுசாமியின் செவலை மாட்டை எனக்குத் தெரியாதா? விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு கிழவன் மட்டும் வந்தான். அவனும் மூட்டையை இறக்காமல் வாசலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"இதுதான் பேத்த நெலையாங்க?"

அடிக்கப் போய்விட்டேன்.

9-2 புதன்

ஆள் அனுப்பி முனுசாமியை வரவழைத்தேன். உள்ளே வர மாட்டேன் என்கிறான். தெருவில் நின்றே பேச்சு.

"கோச்சுக்காதீங்க மொதலாளி. எனக்கு ஒண்ணுமில்ல. வண்டிக்காரப் பசங்க பயப்படறானுங்க. லட்சுமிய எடுத்த வாசல்ல எட போட்டா நம்மூட்டு லட்சுமியும் கூடப் போயிடும்ன்றானுங்க."

"யார் எடுத்தது? பாருடா, நல்லாப் பாரு. சுவர் எங்கேயாவது பேந்திருக்கா?"

"அதான் புது வெள்ளை அடிச்சிருக்கீங்களே."

"அது போன மாசம் அடிச்சது!"

"நீங்க சட்டியில சுண்ணாம்பு கொழச்சத சாக்கு தெக்கறவன் பாத்தானாம்."

மானம் போனாலும் போகிறது என்று உண்மையைச் சொன்னேன். நிலையை நான் தொடவே இல்லை, அது பெட்டியிலிருந்து எடுத்த காசு, உன் தங்கச்சியிடம் சொன்னது பொய். தெருவில் நின்று, என் வாயால்.

முனுசாமி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்படிச் சொல்லாதீங்க மொதலாளி. பன்னெண்டு வருசமா உங்க தராசப் பாத்துக்கினு இருக்கேன். ஒரு பலம் எடைகூட ஏறி எறங்கினதில்ல. நீங்களாவது, ஒரு பொம்பளகிட்ட பொய் சொல்றதாவது? இப்போ வண்டி வரணும்னு இப்படிச் சொல்றீங்க. தெரியுது."

தராசில் ஒழுங்காக இருந்ததற்குக் கிடைத்த பலன் இது. எதிர் மண்டிக்காரன் கட்டை விரலை வைத்து எடை போடுகிறவன். அவன் வாசலில் ஏழு வண்டி.

கடைசியில் முனுசாமியே ஒரு வழி சொன்னான். நாலு வண்டிக்காரனை வைத்துக்கொண்டு நிலையைத் தூக்கிக் காட்டுங்கள். ரூபாய் அடியில் இருந்தால் அன்று மத்தியானமே பத்து வண்டியும் இங்கே.

பேர்க்கவில்லை என்று காட்டுவதற்குப் பேர்க்க வேண்டுமாம்! இந்த ஊரில் எவனுக்காவது மூளை இருக்கிறதா?

சனிக்கிழமை ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன். வேறு வழி?

11-2 வெள்ளி

இன்று காலை மண்டி வாசலில் அஞ்சலை. வானூரிலிருந்து வண்டியிலும் நடந்தும் வந்திருக்கிறாள். மடியில் ஒரு மூட்டை. எனக்கு எங்கே ஓடுவது என்று தெரியவில்லை.

நேராகச் சிவகாமியிடம் போனாள். "எஞ் சொல்லாலதாம்மா இப்படி ஆச்சி. எங்க காட்டு தானியம், ஒம்போதும் இருக்குது. திரும்ப நெல வெக்கறப்போ இத்தப் போடுங்க."

சிவகாமிக்கு ஒன்றும் புரியவில்லை. அஞ்சலை எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். என் வீட்டில், என் தூணுக்குப் பின்னால்.

சிவகாமி தானியத்தை வாங்கிக்கொண்டாள். அவளுக்குச் சோறு போட்டு, பூ வைத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

"நெலையைப் பேத்தீங்களா?"

"இல்லை."

"அப்போ அந்த எலி வளை ரூபாதான் அது?"

"ஆமாம்."

"பொய்தானே சொன்னீங்க?"

"ஆமாம்னேனே."

"அப்பாடா" என்று உட்கார்ந்துவிட்டாள். புருஷன் பொய் சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. கோபமாகவும் வந்தது. வேறு என்னவோவாகவும் இருந்தது.

நாளைக்கு ஆசாரி வருகிறான் என்றேன். சிரிப்பு நின்றது.

"வண்டி வராட்டா நமக்குக் கஷ்டந்தான். எடுக்கச் சொல்லுங்க. திரும்ப நானே வெக்கறேன்."

அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

12-2 சனி

வெயில். பனி விட்டுவிட்டது.

ஆசாரி ஏழு மணிக்கே கடப்பாரையோடு. முனுசாமி, அவனோடு வண்டிக்காரர்கள் நாலு பேர், தவிர வேலையில்லாதவன் எல்லாம். எதிர் மண்டிக்காரன் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். வக்கீலுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள், வராமல் போனது அதிசயம்.

சிவகாமி குளித்து, ஒரு தட்டில் மஞ்சளும் அஞ்சலை கொடுத்த தானியமும் வைத்துக்கொண்டு கதவோரம்.

ஆசாரி வாசற்படிக் கட்டையில் தண்ணீர் தெளித்தான். கடப்பாரை நுனியை இடுக்கில் வைத்தான். காரை கொஞ்சம் உதிர்ந்தது. உள்ளங்கை அளவு வெள்ளை. அதற்கு அடியில் சிவகாமி தானே குனிந்து வைத்த ரூபாய்.

"நிறுத்துப்பா" என்றேன்.

ஆசாரி நிமிர்ந்தான். "ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருக்குதுங்களே?"

"அதில்லை. எடு கடப்பாரையை. கூலியை வாங்கிக்கொண்டு போ."

முனுசாமி கிட்டத்தில் வந்தான். நல்லவன்தான். குரலைத் தாழ்த்தினான். "மொதலாளி, எல்லாரும் பாத்துக்கினு இருக்கானுங்க. இப்போ தூக்கிக் காட்டாம வுட்டீங்கன்னா, பேத்தது நெசந்தான்னு ஆயிடும். சீசன் போயிடும்."

"தெரியும்."

"அப்போ நெசமாவே பேத்துட்டீங்களா?"

தட்டைப் பிடித்திருந்தவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. உதிர்ந்த காரையைப் புடவைத் தலைப்பால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்டா. பேத்துட்டேன். போங்க எல்லாரும்."

போனார்கள். எதிரே பத்து வண்டி.

நாளை முதல் பாசஞ்சருக்கு விக்கிரவாண்டி. இனி வண்டி வராது, களத்துக்கே போய்ச் சரக்கு பிடிக்க வேண்டும். சாக்கு நாற்பது. தராசு. சிவகாமி தானும் வருகிறேன் என்கிறாள்.